இலைக்குள் ஒரு கழித்தல் கணக்கு

ஏற்காட்டில் எந்தக் காபித் தோட்டத்துக்குள் நுழைந்தாலும் முதலில் கண்ணில் படுவது காபிச் செடியல்ல, அதற்கு மேலே நிற்கும் மரம். நெடுநெடுவென்று வளர்ந்த சில்வர் ஓக், அதன் தண்டைப் பற்றி ஏறிய மிளகுக் கொடி, இடையிடையே பலா, இவற்றின் காலடியில் ஆளுயரத்துக்கு அடக்கி வளர்த்த அராபிக்கா. சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820-களில் சேர்வராயன் மலைக்குக் காபியைக் கொண்டுவந்தார். இன்றும் இங்கே நிழலும் பயிரின் ஒரு பகுதிதான். எத்தியோப்பிய மேட்டுநிலக் காடுகளில் பெரிய மரங்களின் அடியில் வளர்ந்து நிழலுக்குப் பழகிய செடி அராபிக்கா. அதனால் தோட்டக்காரர்கள் நிழல் மரங்களின் கிளைகளை அளவறிந்து கழிக்கிறார்கள். அதிகம் கழித்தால் இலை கருகும். குறைவாகக் கழித்தால் காய்ப்பு குறையும். கழித்த இடைவெளி வழியே ஒரு வெயில் துண்டு இறங்கி, ஓர் இலையின் மேல் சில நிமிடம் தங்கி, நகர்ந்துபோகிறது. அந்தச் சில நிமிடத்துக்குள் இலை, தேவைக்கு மேல் வந்த ஒளியை வெப்பமாக்கி வெளியேற்றும் ஏற்பாட்டைத் திறக்கிறது. நிழல் திரும்பியதும் மூடுகிறது. தோட்டக்காரர் மேலே செய்யும் அதே வேலையைப் பச்சையமும் கரோட்டினாய்டு என்னும் நிறமியும் கீழே செய்கின்றன.

திறப்பதும் மூடுவதும் நிமிடக் கணக்கு. ஒளி ஆற்றல் கைமாறும் ஒவ்வொரு தனி நிகழ்வோ வினாடியின் லட்சம் கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் முடிந்துவிடுகிறது. அந்த அளவுக்குப் பிகோ வினாடி என்று பெயர். அதன் ஆயிரத்தில் ஒரு பங்கு ஃபெம்டோ வினாடி. இவ்வளவு குறுகிய நேரத்தில் நடப்பதை அறியப் பரவலாகக் கையாளப்படும் முறை பம்ப்-புரோப் உட்கவர் நிறமாலையியல். பம்ப் என்னும் முதல் ஒளித்துடிப்பு பொருளை உசுப்புகிறது. சற்றுப் பின்னால் வரும் புரோப் என்னும் இரண்டாம் துடிப்பு, உசுப்பப்பட்ட பொருள் எந்த நிறத்தை எவ்வளவு உட்கவர்கிறது என்று துழாவுகிறது. அறிவியல் செய்திகளில் இதை மூலக்கூறுகளின் சினிமா என்று வருணிப்பது வழக்கமாகிவிட்டது. அந்த உவமை நம்மைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகிறது என்பதே இக்கட்டுரையின் வாதம். பம்ப்-புரோப் கருவி செய்வது கழித்தல். உசுப்பியபோது கிடைத்த அளவிலிருந்து உசுப்பாதபோது கிடைத்த அளவைக் கழித்து, மிச்சத்தை நம் கையில் தருகிறது. அந்த மிச்சத்துக்குள் இயற்கையின் பங்கும் இருக்கிறது, நாம் உசுப்பியதன் பங்கும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டும் அளவுக்கு மட்டுமே அந்த அளவீட்டை நம்பலாம்.

முதலில் கருவியின் சூட்சுமம். ஃபெம்டோ வினாடியைப் பிரித்தறியும் மின்னணுக் கருவி கிடையாது. மிக வேகமான ஒளியுணரிகூடச் சில பிகோ வினாடி அளவிலேயே திணறும். ஆகவே நேரத்தை அளக்கும் வேலையைத் தூரத்திடம் ஒப்படைத்துவிடுகிறார்கள். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு இரண்டு சாலைகள் உண்டு. ஒன்று அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவது. மற்றொன்று குப்பனூர் வழியாகச் சுற்றிக்கொண்டு போவது. ஒரே நொடியில் ஒரே வேகத்தில் புறப்பட்ட இரண்டு வண்டிகள் ஆளுக்கொரு சாலையில் போனால், எது எவ்வளவு பிந்தி வரும் என்பதைக் கடிகாரமில்லாமல் சாலைகளின் நீளத்தைக் கொண்டே சொல்லிவிடலாம். பம்ப்-புரோப்பிலும் ஒரே லேசர் துடிப்பு இரண்டாகப் பிரிந்து இரண்டு பாதைகளில் போகிறது. ஒரு பாதையில் உள்ள கண்ணாடி, தண்டவாளம் போன்ற ஒரு மேடையில் நகரக்கூடியது. ஒளி அந்தக் கண்ணாடிவரை போய்த் திரும்ப வேண்டியிருப்பதால், மேடையை 0.15 மில்லிமீட்டர் நகர்த்தினால் பாதை 0.3 மில்லிமீட்டர் நீள்கிறது. தாமதம் ஒரு பிகோ வினாடி கூடுகிறது. 100 ஃபெம்டோ வினாடி நீடிக்கும் துடிப்பு, காற்றில் பறக்கும்போது 0.03 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒரு தகடு. தலைமுடியைவிட மெல்லிய அந்தத் தகடுதான் இந்த அளவுகோலின் மிகச் சிறிய கோடு.

யோசனை புதிதல்ல. 1899-இல் பாரிசில் ஆப்ரகாம், லெமுவான் என்ற இருவர் ஒரு மின்பொறியைக் கொண்டே திரவத்தையும் தூண்டி, அதே பொறியின் ஒளியைக் கண்ணாடிகளுக்கிடையே நீண்ட பாதையில் அனுப்பித் தாமதித்து, அந்தத் திரவத்தையே சோதித்தார்கள். மின்புலம் திரவத்தில் உண்டாக்கும் ஒளியியல் மாற்றம் சில நானோ வினாடிக்குள் மறைந்துவிடுகிறது என்று மேசைமேல் தூரத்தை அளந்தே கண்டார்கள். போர்க்காலத்தில் கடற்படையில் ரேடார் வேலை பார்த்த ஜார்ஜ் போர்ட்டர், கேம்பிரிட்ஜில் நாரிஷுடன் சேர்ந்து 1949-ஐ ஒட்டி இதே ஏற்பாட்டை வேதியியலுக்குக் கொண்டுவந்தார். ஒரு பெரிய மின்னல் விளக்கால் மூலக்கூறை உடைப்பது, பிறகு ஒரு சிறிய மின்னலால் துண்டுகளைத் தேடுவது. இதற்காக இருவருக்கும் 1967-இல் நோபல் பரிசு கிடைத்தது. லேசர் வந்தபின் அகமது ஸிவைல் இதை ஃபெம்டோ வினாடிக்கு இறக்கி, வேதிப் பிணைப்பு முறிவதைப் பின்தொடர்ந்து, 1999-இல் அதே பரிசைப் பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் இத்தகைய அதிவேக நிகழ்வுகளுக்கென்றே ஒரு தேசிய மையம் இயங்குகிறது. மின்பொறி லேசராகியிருக்கிறது, நானோ ஃபெம்டோவாகியிருக்கிறது. இரண்டு துடிப்பு, ஒரு தாமதம், ஒரு கழித்தல் என்ற எலும்புக்கூடு மட்டும் அப்படியே இருக்கிறது.

கழித்தல் நடக்கும் விதத்தைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். லேசர் வினாடிக்கு ஆயிரம் துடிப்புகள் தருகிறது என்று கொள்வோம். பம்ப் பாதையில் சுழலும் ஒரு பல்சக்கரம் ஒன்றுவிட்டு ஒரு துடிப்பை மறைக்கிறது. ஆகவே புரோப் ஒருமுறை உசுப்பப்பட்ட மாதிரியையும் மறுமுறை உசுப்பப்படாத மாதிரியையும் மாறிமாறிக் கடக்கிறது. இரண்டிலும் எவ்வளவு ஒளி மறுபக்கம் வந்தது என்பதை ஒப்பிட்டு, உட்கவர்தலில் ஏற்பட்ட மாற்றத்தைக் கணக்கிடுகிறார்கள். அந்த மாற்றம் பெரும்பாலும் ஆயிரத்தில் ஒரு பங்கு. நுட்பமான வேலைகளில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. லேசரோ ஒவ்வொரு துடிப்பிலும் நூற்றில் அரைப் பங்காவது தானாக ஏறி இறங்கும். அந்த ஆட்டத்தை லட்சத்தில் ஒரு பங்குக்கு அடக்க இரண்டரை லட்சம் ஜோடித் துடிப்புகளைச் சராசரி எடுக்க வேண்டும். ஒரே ஒரு தாமதப் புள்ளிக்கு எட்டு நிமிடத்துக்கு மேல். நூறு புள்ளிகள் வேண்டுமென்றால் பகல் போய் இரவும் வந்துவிடும். சினிமா உவமை இங்கே முதல் அடி வாங்குகிறது. சினிமாவில் அடுத்தடுத்த சட்டங்கள் ஒரே நிகழ்வின் அடுத்தடுத்த கணங்கள். இங்கே ஒவ்வொரு சட்டமும் வேறு வேறு மூலக்கூறுக் கூட்டங்களின்மீது, வேறு வேறு நிமிடங்களில், லட்சக்கணக்கான முறை திரும்பச் செய்து எடுத்த சராசரி. மாதிரி இத்தனை மணிநேரமும் மாறாமல் இருந்தது என்ற உறுதியின்மேல்தான் அந்தச் சராசரியே நிற்கிறது.

அடுத்த சிக்கல், மிச்சத்துக்குள் குறைந்தது மூன்று கணக்குகள் கலந்திருப்பது. உசுப்பப்பட்ட பச்சையம் தன் பழைய இடத்தை விட்டு மேலேறிவிட்டதால், வழக்கமாக அது உட்கவரும் 680 நானோமீட்டர் சிவப்பு இப்போது கூடுதலாகக் கடந்துவரும். சாயம் போனதுபோல் தெரிவதால் இதை வெளுப்பு என்கிறார்கள், எதிர்க்குறி. மேலேறிய மூலக்கூறைப் புரோப் கீழே தள்ளி ஒளி உமிழச் செய்தால், அதுவும் கூடுதல் ஒளிதான். இது தூண்டிய உமிழ்வு, இதற்கும் எதிர்க்குறி. மேலேறிய மூலக்கூறே இன்னும் மேலே தாவப் புரோப்பை உட்கவர்ந்தால், கடந்துவரும் ஒளி குறையும். இது கிளர்நிலை உட்கவர்தல், நேர்க்குறி. மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. ஆகவே ஒரு நிறத்தில் மாற்றம் சுழி என்றால் அங்கே எதுவும் நடக்கவில்லை என்று முடிவு கட்ட முடியாது; வரவும் செலவும் சரிக்குச் சரியாகக் கழிந்திருக்கலாம். ஒரு குறி வேகமாகத் தேய்கிறது என்றால் அந்த மூலக்கூறு வேகமாக அடங்குகிறது என்றும் பொருள் கொள்ளலாம், அதற்கு எதிரான இன்னொரு குறி எழுந்து அதை மறைக்கிறது என்றும் பொருள் கொள்ளலாம். மாதக் கடைசியில் கையிருப்பை மட்டும் பார்த்து ஒரு வீட்டின் வரவு செலவைச் சொல்ல முயல்வதைப் போன்றது இது. கையிருப்பு பொய் சொல்லவில்லை. ஆனால் அது ஒற்றை எண்.

இந்தச் சிக்கல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒளிச்சேர்க்கை ஆய்வின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. இலையில் நீரைப் பிளக்கும் பொறி இரண்டாம் ஒளித்தொகுதி. அதன் வினை மையத்தில் ஒளிபட்டவுடன் ஓர் எலக்ட்ரான் பச்சையத்திலிருந்து பியோஃபைட்டின் என்ற மூலக்கூறுக்குப் போகிறது. எவ்வளவு நேரத்தில் போகிறது? 1989-இல் வாசிலெவ்ஸ்கி, சைபர்ட், அலகாபாத்திலிருந்து இல்லினாய் சென்ற கோவிந்த்ஜி ஆகியோர் அடங்கிய அமெரிக்கக் குழு, பிரித்தெடுத்த வினை மையத்தைப் பம்ப்-புரோப் முறையில் அளந்து 3 பிகோ வினாடி என்றது. மூன்றாண்டுக்குள் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் போர்ட்டர், பார்பர், கிளக் ஆகியோரின் குழு அதே வகை மையத்தை அதே முறையில் அளந்து 21 பிகோ வினாடி என்றது. ஏழு மடங்கு வித்தியாசம். அதுவும் இந்த முறைக்கு வித்திட்டவரே இருந்த குழுவிலிருந்து. யாரும் கவனக்குறைவாக அளக்கவில்லை. அந்த மையத்தில் ஆறு பச்சையங்களும் இரண்டு பியோஃபைட்டின்களும் ஏறத்தாழ ஒரே சிவப்பில் உட்கவர்கின்றன. எந்த நிறத்தால் உசுப்பினோம், எவ்வளவு பலமாக உசுப்பினோம், எந்த நிறத்தில் துழாவினோம் என்பதைப் பொறுத்து, மிச்சத்தில் ஆற்றல் பரவலின் பங்கும் எலக்ட்ரான் நகர்வின் பங்கும் வெவ்வேறு விகிதத்தில் கலக்கின்றன. இரண்டு குழுக்களும் கழித்தலைச் சரியாகத்தான் செய்தன. மிச்சத்தில் எது யாருடையது என்று எழுதிய பெயர்ப்பட்டியலில்தான் வேறுபட்டன.

தகராறைத் தணித்ததும் கூடுதல் வேகமுள்ள கருவி மட்டுமல்ல. 2005-ஐ ஒட்டி ஆம்ஸ்டர்டாமில் க்ரூட்டும் சகாக்களும் கண்ணுக்குத் தெரியும் ஒளியால் உசுப்பி, நடு அகச்சிவப்பால் துழாவினார்கள். அகச்சிவப்பு, மூலக்கூறின் பிணைப்புகள் அதிரும் விதத்தைப் படிப்பது. கண்ணுக்குத் தெரியும் நிறத்தில் ஒன்றின்மேல் ஒன்று விழும் பச்சையமும் பியோஃபைட்டினும் அங்கே தனித்தனிக் கைரேகை காட்டும். ஜெர்மனியின் முல்ஹைமில் ஹோல்ஸ்வார்த் குழுவும் அடுத்த ஆண்டில் வேறு வழியாக ஆராய்ந்தது. எலக்ட்ரானை முதலில் விடுவது எல்லோரும் எண்ணியிருந்த, நடுவிலுள்ள பச்சைய ஜோடியன்று, அதன் பக்கத்தில் நிற்கும் துணைப் பச்சையம் என்ற கருத்து இவற்றால் வலுப்பெற்றது. க்ரூட் குழுவின் கணக்கில் முதல் நகர்வு ஒரு பிகோ வினாடிக்கும் உள்ளே வந்துவிட்டது. கேள்வியே மாறிப்போனதைக் கவனிக்க வேண்டும். மூன்றா, இருபத்தொன்றா என்று கேட்டவர்கள், எதிலிருந்து எதற்கு என்று கேட்கத் தொடங்கினார்கள். ஒரே கணக்கைத் திரும்பத் திரும்பப் போடாமல், பங்குகளைப் பிரித்துக் காட்டும் வேறொரு பத்தியைப் பேரேட்டில் சேர்த்ததால் கிடைத்த தெளிவு அது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழுகிறது. இலை வாழ்வது வெயிலில், லேசரில் அல்ல. கண்மூடித் திறப்பதற்குள் கோடானுகோடி ஃபோட்டான்களைக் கொட்டும் கருவியால் சில்வர் ஓக் நிழலில் நிற்கும் இலையைப் பற்றி என்ன சொல்ல முடியும்? இதைக் கணக்காகவே பார்க்கலாம். உச்சி வெயிலில் ஒரு பச்சைய மூலக்கூறு வினாடிக்குப் பத்து ஃபோட்டான் அளவில்தான் உட்கவர்கிறது. அடர்ந்த நிழலில் அதில் பத்தில் ஒரு பங்கோ இன்னும் குறைவோ. வினை மையம் ஒன்றுக்கு ஒளி சேகரித்துத் தரும் பச்சையங்கள் இருநூறு முந்நூறு. ஆகவே முழு வெயிலில் ஒரு கூட்டத்துக்கு வினாடிக்கு இரண்டாயிரம் மூவாயிரம் ஃபோட்டான் வரும். அதற்குப் பின்னாலுள்ள வேதிச் சங்கிலி கையாளக்கூடியது நூறிலிருந்து இருநூறுதான். வெயில் துண்டு விழுந்ததும் காபி இலை உபரியைக் கொட்டிவிட வேண்டியிருப்பது இதனால்தான். எனினும் அந்த உச்சி வெயிலிலும் ஒரு ஃபோட்டானுக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 0.4 மில்லி வினாடி இடைவெளி. ஒரு கிளர்வின் ஆயுளோ ஒரு நானோ வினாடி அளவு. இரண்டு கிளர்வுகள் ஒரே கூட்டத்தில் ஒரே நேரத்தில் இருக்க வாய்ப்பு நாலு லட்சத்தில் ஒன்று. இயற்கையில் பச்சையக் கிளர்வுகள் ஏறக்குறைய எப்போதும் தனித்தே பயணிக்கின்றன.

இப்போது லேசரின் பக்கம். 680 நானோமீட்டரில் 100 நானோ ஜூல் துடிப்பு ஒன்று. கேட்பதற்கு அற்பம், ஆனால் அதில் ஏறத்தாழ 34,000 கோடி ஃபோட்டான்கள். அதை 0.2 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள புள்ளியில் குவித்தால், அங்குள்ள பச்சையங்களில் நான்கில் ஒன்றுக்கு மேல் ஒரே கணத்தில் கிளர்ந்துவிடும். ஒரு கூட்டத்துக்குள் அறுபது எழுபது கிளர்வுகள். தனியாகப் பயணிக்க வேண்டியவை தெருவில் முட்டிக்கொள்கின்றன. இரண்டு சந்தித்தால் ஒன்று அழிகிறது. அழிவினால் வரும் வேகமான தேய்வை இலையின் இயல்பான வேகம் என்று எழுதிவிட்டால், நாம் அளந்தது இலையையல்ல, நம் லேசரை. ஆக மறுப்பு சரியானதுதான். ஆனால் அது முறையைக் கைவிடச் சொல்லவில்லை, அளவைக் குறைக்கச் சொல்கிறது. துடிப்பை ஒரு நானோ ஜூலுக்கு இறக்கினால் கூட்டத்துக்கு ஒரு கிளர்வுக்குச் சற்றுக் குறைவு. அதிலும் பத்தில் ஒரு பங்குக்கு இறக்கினால் இரண்டு கிளர்வுகள் சந்திப்பது அரிதாகிவிடும். அப்போது குறியும் பத்தாயிரத்தில் ஒன்றிரண்டாகச் சுருங்கும். மேலே சொன்ன எட்டு நிமிடச் சராசரிகள் தேவைப்படுவது இங்கேதான். பம்பின் பலத்தைப் படிப்படியாகக் குறைத்து, குறியின் அளவு அதே விகிதத்தில் குறைகிறதா, தேய்வின் வடிவம் மாறாமல் இருக்கிறதா என்று காட்டும் வரைபடம் இந்தத் துறையின் நாணயச் சான்று. உசுப்பலை இன்னும் குறைத்தாலும் விடை மாறாது என்ற நிலை வந்தபின்தான் அந்த விடை நிழலிலிருக்கும் இலைக்கும் பொருந்தும்.

விடை நம் துடிப்புக்குச் சொந்தமா, இலைக்குச் சொந்தமா என்ற கேள்வியைக் கேட்கத் தவறினால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைக்கால உதாரணமும் உண்டு. 2007-இல் பெர்க்லியில் எங்கல், பிளெமிங் குழுவினர் பம்ப்-புரோப்பின் நெருங்கிய உறவான இரு பரிமாண நிறமாலையியலால், பச்சைக் கந்தக பாக்டீரியாவின் ஒளிசேகரிப்புப் புரதத்தைக் குளிர்நிலையில் ஆராய்ந்தார்கள். குறியில் அலை போன்ற ஏற்ற இறக்கம் நூற்றுக்கணக்கான ஃபெம்டோ வினாடிகளுக்கு நீடித்தது. எலக்ட்ரான் நிலைகளின் குவாண்டம் ஒத்திசைவே ஒளிச்சேர்க்கையின் திறமைக்குக் காரணம் என்ற உற்சாகம் உலகெங்கும் பரவியது. பதின்மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சோதித்தபின், 2020-இல் துறையின் முன்னணியினர் பலர் சேர்ந்து எழுதிய மறுமதிப்பீடு, அந்த நீண்ட அலைகள் பெரும்பாலும் மூலக்கூறு அதிர்வுகளிலிருந்து வந்தவை என்றும், வெயிலில் ஆற்றல் நகர்வதற்கு அவை தேவையில்லை என்றும் முடிவு கூறியது. ஒழுங்கான லேசர் துடிப்பு எல்லா மூலக்கூறுகளையும் ஒரே தாளத்தில் தொடங்கி வைக்கிறது. வெயிலின் ஃபோட்டான்கள் ஆளுக்கொரு நேரத்தில் வருகின்றன. அலை உண்மையானது, அளவீடும் உண்மையானது. அலையைத் தொடங்கி வைத்த கை யாருடையது என்பதே பிந்தித்தான் உறைத்தது.

கருவியே கணக்கில் நுழைக்கும் கள்ளப் பற்றுகளும் உண்டு. புரோப்பாகப் பயன்படும் பல வண்ண வெண்ணிற ஒளியை உண்டாக்க, 800 நானோமீட்டர் துடிப்பை இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள நீலமணி வில்லையில் குவிக்கிறார்கள். அந்தத் துடிப்பைத் தரும் லேசரின் இதயமும் டைட்டானியம் கலந்த நீலமணிதான். நீலமணி என்பது படிகமான அலுமினிய ஆக்சைடு. அதே அலுமினிய ஆக்சைடு நீரோடு சேர்ந்து சேர்வராயன் மலையின் உச்சிகளில் பாக்சைட்டாகக் கிடந்தது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு இங்கிருந்தும் வெட்டிப் போனது. மழையில் கரைந்து எஞ்சிய செம்மண்ணும், உருக்கி வளர்த்த குற்றமற்ற படிகமும் வேதியியலில் பங்காளிகள். அந்த வில்லையும் அடுத்து வரும் கண்ணாடிகளும் ஒளியைத் தாமதப்படுத்தும்போது எல்லா நிறத்தையும் ஒரே அளவில் தாமதப்படுத்துவதில்லை. சிவப்பு முந்துகிறது, நீலம் பிந்துகிறது. ஆகவே தாமதம் சுழி என்று மேடையில் குறித்த புள்ளி ஒவ்வொரு நிறத்துக்கும் வேறு. இதைத் திருத்தாமல் வரைந்தால், ஆற்றல் நீலத்திலிருந்து சிவப்புக்கு நகர்வதுபோல் ஒரு பொய்க்காட்சி கிடைக்கும். போதாததற்கு, இரண்டு துடிப்புகளும் ஒன்றன்மேல் ஒன்று விழும் கணத்தில், பச்சையமே இல்லாத வெறும் கரைப்பானும் கண்ணாடிக் குப்பியும்கூடக் குறி தரும். வெறும் கரைப்பானை வைத்து அதே அளவீட்டைச் செய்து, அந்தக் கணக்கையும் கழித்தாக வேண்டும். ஆக இறுதியில் கைக்கு வருவது கழித்தலுக்குமேல் கழித்தல்.

இரண்டாவது மறுப்பு எதிர்த்திசையிலிருந்து வரும். இத்தனை நிபந்தனையும் இத்தனை திருத்தமும் இருந்தால், இந்த முறை சொல்வது எல்லாமே ஆய்வாளரின் மாதிரியைப் பொறுத்த விளக்கம்தானே, எதை நம்புவது? காபி இலை உபரி ஒளியைக் கொட்டும் ஏற்பாட்டையே எடுத்துக்கொள்வோம். கடும் வெயிலில் இலை வயலாசாந்தின் என்ற கரோட்டினாய்டை சீயாசாந்தினாக மாற்றுகிறது என்பது வேதியியல் வழியே உறுதியானது. அது எப்படி ஆற்றலை வெப்பமாக்குகிறது என்பதில் பம்ப்-புரோப் இரண்டு விடைகள் தந்தது. 2005-இல் பெர்க்லியில் ஹோல்ட், நியோகி, பிளெமிங் முதலியோர், பச்சையம் கிளர்ந்தபின் கரோட்டினாய்டு ஓர் எலக்ட்ரானை இழந்து நேர்மின் அயனியாவதன் அடையாளத்தைக் கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பில் கண்டார்கள். 2007-இல் ரூபானும் சகாக்களும், பச்சையத்தின் ஆற்றல் நேராக லூட்டின் என்ற வேறொரு கரோட்டினாய்டுக்குப் போய் அங்கே பத்துப் பிகோ வினாடி அளவில் அடங்குகிறது என்றார்கள். முறை ஒன்று, விடை இரண்டு. மேம்போக்காகப் பார்த்தால் மறுப்பாளர் வென்றுவிட்டதுபோல் தோன்றும்.

ஆனால் பெர்க்லி ஆய்வின் பலம் லேசரில் மட்டும் இல்லை. அராபிடாப்சிஸ் என்ற சிறுசெடியில் சீயாசாந்தினை உண்டாக்க முடியாத வகைகளை வைத்தும் அதே கழித்தலைச் செய்தார்கள். சீயாசாந்தின் இல்லாத இடத்தில் அந்த அயனிக் குறியும் இல்லை. அங்கே கழிக்கப்பட்டது ஒளி மட்டுமல்ல, ஒரு மரபணுவும். பத்தாண்டுக்கு மேல் கழித்து அதே குழுவினர் வெயில் காட்டி நிழல் காட்டி, இலைச் சவ்வு பழகிக்கொண்டிருக்கும்போதே திரும்பத் திரும்ப அளந்தார்கள். தாமதத்தை ஒரே இடத்தில் நிறுத்திவிட்டு, குறி நிமிடங்களில் எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்த்தார்கள். இரண்டு வழிகளின் குறிகளும் வெயிலோடு ஏறி நிழலோடு இறங்கின. எது முதன்மை என்ற விவாதம் தொடர்கிறது. ஆனால் இரண்டும் லேசரின் கற்பனை என்று சொல்ல இனி இடமில்லை. உடனொளிர்வின் ஆயுளை அளக்கும் முறை முற்றிலும் வேறு கருவி, வேறு பிழைகள் கொண்டது. அதுவும் கிளர்வின் ஆயுள் வெயிலில் சுருங்குவதை உறுதிப்படுத்துகிறது. ஒன்றின் பிழை மற்றொன்றில் நுழைய முடியாத இரண்டு கணக்குகள் ஒரே தொகையில் வந்து நின்றால், அதை நம்பலாம். விளக்கம் மாதிரியைப் பொறுத்தது என்பது உண்மை. எந்த மாதிரியும் செல்லும் என்பது உண்மையல்ல.

எனவே பம்ப்-புரோப் ஆய்வு ஒன்றின் முடிவு செய்தியாக வரும்போது, எத்தனை ஃபெம்டோ வினாடி என்பதைவிட வேறு விஷயங்கள் முக்கியம். எதிலிருந்து எது கழிக்கப்பட்டது. மிச்சத்தில் உள்ள பங்குகளைப் பிரிக்க வேறு நிறமோ வேறு முறையோ துணைக்கு வந்ததா. உசுப்பலைக் குறைத்தபோது விடை நிலைத்ததா. இவற்றுக்கு நேரான பதில் சொல்லும் கட்டுரையில் எண் பிந்திச் சற்று மாறினாலும் அறிவு வளரும். 3-உம் 21-உம் அப்படித்தான் நமக்கு உதவின. பதில் சொல்லாத கட்டுரை எவ்வளவு அழகான வண்ணப்படம் போட்டாலும் அது சினிமாவாகவே நின்றுவிடும். சேர்வராயன் மலைத் தோட்டத்தில் கிளை கழிப்பவர் ஒரே நாளில் மரத்தை மொட்டையாக்குவதில்லை. கொஞ்சம் கழித்து, கீழே இலை என்ன சொல்கிறது என்று பார்த்து, பிறகு கழிக்கிறார். லேசரை வைத்துக்கொண்டு இலைக்குள் பார்ப்பவரும் அதே கையளவைத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.